பங்குனி வெயில், மாவுப்பூச்சி, சுருண்ட மிளகாய் இலை: மாடித்தோட்டத்தில் எங்கிருந்து தொடங்கணும்?

வைகைக்கரை:
மதுரையில் மொட்டை மாடித் தோட்டம். தை மாதம் நட்ட மிளகாய் பூவெடுக்கும் நேரத்தில் இலை சுருண்டு நிற்கிறது. தொட்டிச் செம்பருத்தியின் கொழுந்தில் வெள்ளையாய் மாவு, தண்டில் எறும்பு மேலும் கீழுமாய்ப் போகிறது. வேப்பெண்ணெய் தெளித்தால் கொஞ்ச நாள் அடங்கி, திரும்பவும் வந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். சித்திரைப் பட்டத்துக்கு வெண்டை, பாகல் போடுவதற்குள் இதை ஒரு வழி பண்ணணும்.

இன்னொன்று. தெருவில் இறக்கிய தேர்தல் ஃபிளெக்ஸ் நாலைந்து கிடைக்கும்போல. நிழலுக்குக் கட்டலாமா? எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இங்கே இரண்டு பேர் செடியை மறந்துவிடுவார்கள்.

மண்புழு அக்கா:
தம்பி, மாவுப்பூச்சியை விடு, முதலில் எறும்பைப் பார். அது ஒரு கூட்டணி. பூச்சி கழிக்கும் தேன்கழிவு எறும்புக்கு. பதிலுக்கு, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் எறும்பு விரட்டும். கூட்டணி உடையாமல் நீ எத்தனை தடவை மருந்தடித்தாலும் அவர்கள்தான் ஆட்சி.

நாட்டுமருந்துக் கடையில் வெங்காரம் (போராக்ஸ்) கேள். 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சர்க்கரை, 2 கிராம் வெங்காரம். கரைந்ததும் பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து எறும்பு போகும் தடத்தில் வை. வேகமாகக் கொல்லட்டும் என்று வெங்காரத்தைக் கூட்டாதே. கூட்டினால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துப்போகும், புற்றுக்குள் இருக்கும் ராணிக்குப் போய்ச் சேராது. குழந்தை, பூனை எட்டாத இடமாகப் பார்த்து வை. தொட்டி மண்ணில் சிந்தக் கூடாது, போரான் மிஞ்சினால் இலை ஓரம் கருகும். செம்பருத்திக் கிளை சுவரிலோ கைப்பிடியிலோ உரசினால் அதையும் வெட்டு. அதுதான் எறும்புக்குப் பாலம்.

அப்புறம் பூச்சி. மாவு அப்பிய நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கு. மிச்சம் உள்ள இடத்தில், இலைக்கு அடியில் படுகிற மாதிரி குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சு. செடி காய்ந்ததும் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வேப்பெண்ணெய்.

நீ அடிக்கும் எண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால், பெரும்பாலும் கலக்கும் விதம்தான் காரணம். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய். 5 கிராம் காதி சோப்பைச் சீவிக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, எண்ணெயை அதில் ஊற்றி வெள்ளையாகும்வரை அடி. பிறகுதான் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மேலே எண்ணெய் வளையம் மிதந்தால் அது கலவையே இல்லை. முதலில் தெளிப்பது வெறும் தண்ணீராகவும் கடைசியில் தெளிப்பது வெறும் எண்ணெயாகவும் போகும். பூச்சி பிழைக்கும், இலை வெந்துபோகும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடு. 7 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளி. பஞ்சு மாதிரி இருக்கும் பைக்குள் முட்டை தப்பித்துக் கிடக்கும், ஒரே தெளிப்பில் அது சாகாது.

பிண்ணாக்கை 15 நாளுக்கு ஒருமுறையாகக் குறை. தழைச்சத்து மிஞ்சினால் கொழுந்து சாறு ஏறி மெத்தென்று இருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து.

கொங்குத் தோப்பு:
அக்கா சொன்னதோடு ஒன்று. தெளிக்கும் முன் மாவைக் கூர்ந்து பாருங்கள். உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை தொங்க, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, விறுவிறுவென்று நகர்ந்தால் அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. தோற்றத்தைப் பார்த்து ஏமாந்து அதையே நசுக்குகிறவர்கள் அதிகம். வளர்ந்த வண்டு கருநிறம், தலைப்பக்கம் ஆரஞ்சு. அது உட்கார்ந்திருக்கும் கிளையில் எண்ணெய் வேண்டாம்.

இன்னொன்று, மாவுப்பூச்சி ஒன்றை நசுக்கி, சாறு மஞ்சளா சிவப்பா என்றும் பாருங்கள். மஞ்சள் என்றால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டு பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் அழித்தது இதுதான். மருந்தில் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. கடும் ரசாயனம் தெளிக்காத தோட்டத்துக்கு அது தானாகவே வரும். உப்பிக் காய்ந்து பழுப்பாகிப்போன பூச்சிகள் கிடந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம், மருந்தை நிறுத்திவிடலாம். சிவப்புச் சாறும் கொத்தாகச் சுருங்கிய நுனியும் என்றால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. அதற்கு நுனியை இன்னும் தாராளமாக வெட்டணும்.

ஃபிளெக்ஸ் எங்கள் கட்சியுடையது என்றால் தாராளமாகக் கட்டுங்கள், நல்ல அழுத்தமான துணி, ஐந்து வருஷம் தாங்கும்.

கத்தரிப்பாத்தி:
தாங்கும் தோப்பு அண்ணே, வாக்குறுதிதான் தாங்காது. 🙂

வைகை, எந்தக் கட்சி ஃபிளெக்ஸையும் நிழலுக்குக் கட்டாதீங்க. காற்று உள்ளே புகாது, அடியில் சூடு தேங்கும், சித்திரைச் சூறைக்காற்றில் பாய்மரம் மாதிரி கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும். செடி வளர்க்கும் பைகளுக்கு அடியில் விரிக்கலாம், மட்க வைக்கும் குவியலை மூடலாம். நிழலுக்குப் பச்சை நிழல்வலைதான்: கீரைக்கு 50 சதவீதம், காய்ச்செடிக்கு 35. அதையும் மேற்கு வெயில் பக்கம் சரித்துக் கட்டினால் போதும்.

இப்போ மிளகாய். எல்லாச் சுருட்டையும் ஒரே நோய் இல்லை. இலை ஓரம் மேல் நோக்கிச் சுருண்டு படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்க, மெல்லிசாய், இளமஞ்சளாய் ஓடும். ஓரம் கீழ் நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, நுனி இலை குறுகினால் மஞ்சள் முரணைச் சிலந்தி. அது கண்ணுக்கே தெரியாது. இலை மஞ்சளித்துச் சுருங்கி, செடியே குள்ளமாக நின்று, தட்டினால் வெள்ளை ஈ பறந்தால் அது வைரஸ்.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கணும். நீல ஒட்டுப்பொறியைச் செடியின் உச்சி உயரத்தில் தொங்கவிடுங்க. இலைப்பேன் மண்ணில்தான் கூட்டுப்புழு ஆகும், அதனால் மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டு இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு. வேருக்கும் குளிர்ச்சி.

சிலந்திக்குக் கடைக்காரர் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) எடுத்துக் கொடுப்பார். பங்குனி மதுரையில் அது வேண்டாம் என்பது என் தீர்மானம். 32 டிகிரிக்கு மேல் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் என்றால் இன்னும் மோசம். சுருண்ட நுனியை மூன்று அங்குலம் வெட்டிவிட்டு, தினம் காலையில் இலை அடியை நனைய நனைய அலசுங்க.

வைரஸ் என்றால் மருந்தே கிடையாது. செடியைப் பையால் மூடி, வெள்ளை ஈ சிதறாமல் வேரோடு பிடுங்கணும். மற்றச் செடிகளுக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்க. வெண்டை போடும் முன் இதை முடிக்கணும், ஏனென்றால் வெண்டையின் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்புவதும் இதே வெள்ளை ஈதான்.

கொங்குத் தோப்பு:
வாக்குறுதியைப் பற்றிப் பாத்தித் தம்பி பேசுகிறார்! இலைதான் எங்கள் அடையாளம், அதைத்தானே இங்கே எல்லாரும் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்?

கத்தரிப்பாத்தி:
சூரியன் இல்லாமல் இலை எங்கிருந்து அண்ணே பச்சையாகும்?

மண்புழு அக்கா:
இரண்டு பேரும் நிறுத்துங்கப்பா. செடிக்கு இலையும் வேணும், சூரியனும் வேணும். பங்குனியில் சூரியன் பாதி போதும், அதான் நிழல்வலை. சுயேச்சைகளுக்கான சின்னப் பட்டியலில் பச்சை மிளகாய், குடைமிளகாய், வெண்டைக்காய் எல்லாம் இருக்கிறது. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வரே பலாப்பழத்தில் நின்றார். இந்தத் தோட்டத்துக்கு நான் மிளகாய்ச் சின்னம்.

வைகைக்கரை:
அக்காவுக்கு என் ஓட்டு. பார்த்துவிட்டேன்: நசுக்கினால் மஞ்சள் சாறு. மிளகாயில் கீழ் நோக்கிய மடக்கு, காம்பு நீளம், தாளில் ஒன்றும் விழவில்லை. ஒரே ஒரு செடி மட்டும் குள்ளமாய் மஞ்சளித்து நிற்கிறது. வெட்டின நுனியை மட்கும் தொட்டியில் போடலாமா? செடி பிடுங்கின பையில் என்ன நடலாம்?

கத்தரிப்பாத்தி:
அப்போ சிலந்தி, அந்த ஒன்று மட்டும் வைரஸ். குள்ளச் செடியை இன்றைக்கே எடுத்துவிடுங்க, பூ இருக்கிறதே என்று பார்க்காதீங்க. நுனிகளை மட்கும் தொட்டியில் போட வேண்டாம். பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டு, பிறகு குப்பையில். செடி பிடுங்கின பையில் மிளகாய், தக்காளி தவிர்த்துக் கொத்தவரை போடுங்க, வெயிலைத் தாங்கும். மண்ணைக் கொட்டி ஒரு வாரம் காயவிட்டு, இரண்டு கை மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்குக் கலந்துவிட்டு விதை ஊன்றுங்க.

கொங்குத் தோப்பு:
மஞ்சள் சாறு என்றால் குளவி வரும் வாய்ப்பு நல்லாவே இருக்கிறது வைகை. மூன்றாவது தெளிப்புக்கு முன் பழுப்புக் கூடு தெரிகிறதா என்று இலை அடியில் பாருங்கள். தெரிந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு, எறும்புக்கு வைத்த பஞ்சை மட்டும் காயாமல் மாற்றிக்கொண்டிருங்கள்.