ஷான்-நோஸ் பாடகர் ஜோ ஹீனி: ஊர் கைவிட்டதா, அவர் ஊரைக் கைவிட்டாரா?

கல்வேலி எழுதியது:

சென்ற வாரம் ஜோ ஹீனியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஐரிஷ் மொழிப் பாட்டைத் தனி ஆளாகக் காப்பாற்றியவர்" என்று இங்கே ஒருவர் எழுதினார். அந்த வரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்கு: அவர் 1919இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில், கானமாராவின் கார்னா பகுதியில் பிறந்தவர். ஐரிஷில் அவர் பெயர் ஷோசவ் ஓ ஹேனி. அவர் பாடியது ஷான்-நோஸ், அதாவது 'பழைய முறை'. அதில் பக்கவாத்தியம் இல்லை, கறாரான தாளக்கட்டும் இல்லை. ஒற்றைக் குரல் மட்டும். 1942இல் ஓரக்தஸ் என்னும் ஐரிஷ் மொழி விழாவில் முதல் பரிசு வாங்கினார். பிறகு ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, 1966 முதல் நியூயார்க், கடைசியில் சியாட்டில். 1984 மே 1 அன்று அங்கேயே இறந்தார்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு பாட்டு அதன் மொழி புரிந்தவர்கள் நடுவில்தானே உயிரோடு இருக்கும்? கார்னாவுக்குப் பக்கத்திலேயே கோலம் ஓ கீஹான் என்று ஒருவர் இருந்தார். நிலமும் கடலும்தான் பிழைப்பு. 1940களில் ஷேமஸ் எனிஸ் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தபோது, அந்த ஒரு மனிதரிடமிருந்து மட்டும் 200க்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதிக்கொண்டார். ஓ கீஹான் எந்த மேடைக்கும் ஓடவில்லை. அவரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

உப்புக்காற்று எழுதியது:

ஊரிலேயே இருந்திருக்கலாமே என்பது, சோற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர் பேச்சு. மன்னியுங்கள், கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதுகிறேன்.

கார்னாவின் நிலத்தைப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? கருங்கல், அதன் இடுக்கில் ஒரு பிடி மண். கடற்பாசியைச் சுமந்து வந்து உரமாகப் போட்டால் உருளைக்கிழங்கு விளையும். 1951 முதல் 1961 வரையிலான பத்து ஆண்டுகளில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தைவிட்டு வெளியேறினார்கள். மொத்த மக்கள்தொகையே 30 லட்சத்துக்குக் கீழே இருந்த நாடு அது! ஹீனி அந்தக் கூட்டத்தில் ஒருவர். இங்கிலாந்தில் கட்டட வேலை செய்தார். பரிசு கொடுத்த நாடு பிழைப்புக் கொடுக்கவில்லை. ஐரிஷ் மொழிதான் நாட்டின் முதல் மொழி என்று அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தவர்கள், அந்த மொழியில் அவ்வளவு பாட்டு வைத்திருந்தவரை லண்டனில் செங்கல் தூக்கவிட்டார்கள். பழி யார்மேல்?

ஓ கீஹானை எனிஸ் தேடிப் போனதால்தான் உங்களுக்கும் எனக்கும் அவரைத் தெரியும். அவரும் பதிவில்தான் வாழ்கிறார், ஐயா.

தேன்கூடு எழுதியது:

இருவரும் சண்டையைத் தொடருங்கள். நடுவே ஒரு விஷயம். இந்தப் பாட்டை ஐரிஷில் 'பாடு' என்று கேட்பதைவிட 'அபிர் அவ்ரான்' என்றே கேட்கிறார்கள். 'ஒரு பாட்டுச் சொல்லு' என்று அர்த்தம். சொல்லுக்குத்தான் முதலிடம். பாடுகிறவர் முகத்தில் அபிநயம் காட்டமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார், அல்லது சுவரைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒரு வரி முடிந்ததும் கேட்பவர்களிடமிருந்து 'கடவுள் துணையிருக்கட்டும்' என்பதுபோல ஒரு வார்த்தை வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கூடத்தில் வளர்ந்தவர் ஹீனி.

உச்சரிப்பை இழுத்து, ஒரு அசைமேல் நாலைந்து சுரங்களைச் சுழற்றுவதைக் கேட்டால் நமக்குக் கமகம் நினைவுக்கு வரும். அதை வைத்துக் கதை கட்ட வேண்டாம். கானமாராவில் வாழ்ந்த பாப் க்வின் என்ற திரைப்படக்காரர், 1980களில் இந்தப் பாட்டின் வேரை வட ஆப்பிரிக்கக் கரைவரை தேடிப்போய் ஆவணப்படங்களே எடுத்தார். சுவையான தேடல். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கல்வேலி எழுதியது:

தேன்கூடு, நீங்கள் சொன்னது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. கை பிடிக்க ஆளில்லாத இடத்தில் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது. 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஹீனி பாடினார். பாப் டிலன் மின்கிட்டாரோடு ஏறிக் கூச்சலைக் கிளப்பினாரே, அதே ஆண்டு. அந்தக் கூட்டத்தில் ஐரிஷ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஆகவே பாட்டுக்கு முன்னால் கதை சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது, ஊரில் எப்படிப் பாடினோம் என்று நீளும். அந்தக் கதைகளில் எது ஊர்வழக்கு, எது அமெரிக்கர்களுக்காகச் சேர்த்த மசாலா என்று ஆய்வாளர்களே பிரிக்கத் திணறுகிறார்கள். தொலைந்துபோன ஓர் அயர்லாந்தைக் கேட்க வந்தவர்களுக்கு அதையே அளந்து கொடுத்தார். இதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

உப்புக்காற்று எழுதியது:

கதை சொல்வது அந்த மரபுக்குப் புதிதா என்ன? பாட்டின் பின்னணியை முதலில் சொல்லிவிட்டுப் பாடுவது கானமாராவில் பழைய வழக்கம். பாட்டுக்குள் கதை முழுதாக இருக்காது, குறிப்பாக மட்டுமே இருக்கும். ஊராருக்கு முன்கதை தெரியும். நியூயார்க்காரருக்குத் தெரியாது. கொஞ்சம் கூடுதலாகச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

இன்னொன்று. அவர் பாட்டை விற்று வாழவில்லை. சென்ட்ரல் பார்க் வெஸ்ட் தெருவில் ஒரு பணக்கார அடுக்கு மாடிக் குடியிருப்பில் வாசல்காவலராக இருந்தார். சீருடை அணிந்து கதவு திறந்துவிட்டார். அங்கே குடியிருந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் மெர்வ் கிரிஃபின் அவரைத் தன் நிகழ்ச்சிக்கே அழைத்துப் பாடவைத்தார். மசாலா வியாபாரம் செய்தவர் ஏன் கதவு திறந்துகொண்டிருக்க வேண்டும்? புதுமை இசையின் பிதாமகர் ஜான் கேஜ் 1979இல் செய்த வானொலிப் படைப்பில் ஹீனி குரல் இருக்கிறது. சுற்றிலும் ஆயிரம் ஓசைகள் மோதும். அவரோ கார்னாவில் பாடுவதுபோலவே பாடிக்கொண்டிருப்பார். வளைந்து கொடுப்பவர் செய்கிற காரியமா இது?

செம்பருத்தி எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். ஆண்கள் இருவரும் ஓர் ஆணைப் பற்றியே வாதாடுகிறீர்கள்.

ஹீனி பாடியதிலேயே பெரிதென்று எல்லோரும் சொல்வது 'மூன்று மரியாள்களின் ஒப்பாரி'. மரியாள் பேதுருவைப் பார்த்து, என் செல்லத்தைக் கண்டாயா என்று கேட்பாள். ஒவ்வொரு வரிக்கும் 'ஓகோன்' என்ற புலம்பல் வரும். பெரிய வெள்ளிக்கிழமைகளில் பாட்டி உள்ளிட்ட ஊர்ப்பெண்கள் பாடக் கேட்டு வளர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒப்பாரி அங்கே பெண்களின் கலை. பாதிரியார்கள் அதை அடக்கப் பார்த்து ஓய்ந்தார்கள். உலகமேடையில் அதற்குக் கைதட்டல் கிடைத்தது ஓர் ஆணுக்கு.

ஷோரகா நி கூரிம் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? அதே கார்னா பகுதி, 1911இல் பிறந்தவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஐரிஷ் கற்பித்தார், பத்திரிகையில் எழுதினார், அவருடைய பாட்டுகள் 1957இல் அமெரிக்காவில் இசைத்தட்டாகவும் வந்தன. பிறகு லண்டனுக்குப் போய், உலகம் மறந்த நிலையில் 1976இல் இறந்தார். அவருக்கு ஏன் இப்படி ஓர் இழை இல்லை?

கடைசியாக ஒன்று. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க்கில் ஹீனிக்கு மனைவி இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். விட்டுவிட்டுப் போனார். அமெரிக்காவில் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை என்றே சொல்லவேண்டும். ஊர் கைவிட்டது பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைத் தாண்டிப் போவது எனக்கு முடியவில்லை.

உப்புக்காற்று எழுதியது:

கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. அதற்கு வக்காலத்து வாங்கமாட்டேன். ஷோரகாவைப் பற்றிச் சொன்னது என் பக்கத்துக்கே சேரும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கல்லூரி வேலையில் இருந்தவரையே அந்த நாடு தக்கவைத்துக்கொள்ளவில்லை.

தேன்கூடு எழுதியது:

சியாட்டிலை யாரும் தொடவில்லையே. 1982இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் மரபுக் கலைஞர்களுக்கான உயர் விருதை முதன்முதலாகக் கொடுத்தது. புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் தந்தை பில் மன்றோ பெற்ற அதே வரிசையில் ஹீனியும் பெற்றார். அந்தக் காலத்தில்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இனவரைவு இசைத்துறையில் மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். காவல்காரர் வேலையிலிருந்து ஆசிரியர் நாற்காலிக்கு வந்து, இரண்டே ஆண்டில் நுரையீரல் நோயில் போய்விட்டார். உடலைக் கார்னாவுக்குக் கொண்டுவந்து கடலோரம் புதைத்தார்கள்.

வகுப்பில் பதிவான நாடாக்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்று இணையத்தில் ஐரிஷ் விளக்கங்களோடு கிடைக்கிறது. அந்த வேலையில் கார்னாவின் கைகளும் சேர்ந்திருக்கின்றன. ஆண்டுதோறும் அவர் பெயரில் அங்கே விழா நடக்கிறது. கல்வேலி, மொழி புரிந்தவர்கள் நடுவில்தான் பாட்டு வாழும் என்றீர்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேதானே வந்திருக்கிறது?

கல்வேலி எழுதியது:

நாடா வந்திருக்கிறது. சரி, வந்ததை மறுக்கவில்லை. 'தனி ஆளாக' என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள், மீதியை நான் விட்டுவிடுகிறேன். அந்த ஊரில் ஓ கீஹான் இருந்தார், ஷோரகா இருந்தார், பெயர் எழுதப்படாத பாட்டிகள் இருந்தார்கள். ஹீனி அவர்களில் ஒருவர். நல்ல ஒருவர். குரல் கரடுமுரடாக இருக்கும், ஆனால் மூச்சை எங்கே நிறுத்துவதென்று அவரைப்போல் அறிந்தவரை நான் கேட்டதில்லை. இதை எழுத எனக்கே கொஞ்சம் கசக்கிறது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஒப்பாரியில் தொடங்காதீர்கள், கனம் தாங்காது. 'பானின் பாறைகள்' என்று ஆங்கிலத்தில் ஒன்று பாடியிருக்கிறார். கல் நிலத்தை உழமுடியாத ஓர் உழவனின் பாட்டு. அதிலிருந்து தொடங்குங்கள்.

செம்பருத்தி எழுதியது:

ஒப்பாரியிலேயே தொடங்குங்கள். அதற்கும் முன்னால் ஷோரகாவின் அந்த இசைத்தட்டு கிடைத்தால், அதை.