எட்டு வருசப் பிரிட்ஜ்: திருத்துவதா, புதியது வாங்குவதா?

வணக்கம். வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றர்கூட இல்லை. பிரிட்ஜ் 2017இல் வாங்கியது: ஒற்றைக் கதவு, 190 லீட்டர், இன்வேர்ட்டர் இல்லாதது, குளிரூட்டுவது ஆர்600ஏ காஸ்.

மூன்று கிழமையாக ஐஸ் கட்டுவதில்லை. கொம்பிரசர் நிற்காமல் ஓடுகிறது, கை வைத்தால் சுடுகிறது. மேல்தட்டின் ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு பனி, மற்ற இடமெல்லாம் வெறும் ஈரம். போன ஞாயிறு வாங்கிய பாரை மீன் பக்கத்து வீட்டுப் பூனைக்குத்தான் போனது.

கதவு ரப்பரில் நூறு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் பிடிக்கிறது. தேர்மோஸ்டாட் மாற்றியாயிற்று. கரண்டிலும் குறையில்லை. ஏப்ரலில் 9,000 ரூபாய்க்குக் காஸ் ஏற்றினோம், நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. திருத்த வந்த தம்பி காஸை எடை பார்த்து ஏற்றவில்லை, டிரையரையும் (காஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி) மாற்றவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பின்பக்கக் குழாய் மூட்டுகளில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சைக் களிம்பு. சவர்க்கார நுரை தடவினேன், குமிழி வரவில்லை. பிரிட்ஜின் பக்கச்சுவருக்குள் ஓடும் குழாயில்தான் ஓட்டை என்கிறார் இரண்டாவதாக வந்தவர். அதைத் துண்டித்துவிட்டு வெளியே புதுக் கொண்டென்சர் (காஸின் சூட்டை வெளியேற்றும் குழாய்ச்சுருள்) பூட்ட 32,000 கேட்கிறார், உத்தரவாதம் மூன்றே மாதம். இதே அளவில் புதியது 95,000 சொல்கிறார்கள்.

கடலோர வீட்டில் இப்படி வெளிக் கொண்டென்சர் பூட்டியவர்கள் சொல்லுங்கள்: இரண்டு வருசமாவது தாங்குமா, இல்லை புதியதே வாங்கிவிடவா?