எத்ரோக் பழத்துக்குப் பூதக்கண்ணாடி எதற்கு?

மணிவாசகன்: எருசலேமின் மேயா ஷெயாரிம் தெருக்களில், யூதர்களின் கூடாரப் பண்டிகைக்கு முன்பு எத்ரோக் வாங்க வருகிறவர்கள் பூதக்கண்ணாடியோடு நிற்கிறார்கள். எலுமிச்சை இனத்துப் பெரிய பழம் அது. பண்டிகையில் அதோடு பேரீச்ச ஓலை, மிருதுச்செடி, ஆற்றலரி (வில்லோ) கிளைகளையும் கையில் ஏந்தி ஆட்டுவார்கள். தடித்த தோலில் ஊசிமுனைக் கரும்புள்ளி தெரிந்தாலும் கீழே வைத்துவிடுகிறார்கள். குறையற்ற பழமென்றால் யானை விலை, குதிரை விலை. வேதாகமத்தின் லேவியராகமம் 23:40 கேட்பது ‘அலங்காரமான விருட்சங்களின் கனிகளை’. இவர்கள் நடத்துவது அழகுப் போட்டி.

பொன்னி: கடவுளுக்கு முன் ஏந்துவதைப் பார்த்துப் பார்த்து எடுப்பதில் என்ன தவறு? லேவியராகமத்துக்கு யூத அறிஞர்கள் எழுதிய பழைய மித்ராஷ் உரையைப் பாருங்கள். அதில் சுவை என்பது வேதக் கல்வி, மணம் என்பது நற்செயல்; ஒவ்வொன்றும் ஒருவகை மனிதர். எத்ரோக்குக்குச் சுவையும் உண்டு, மணமும் உண்டு: வேதம் கற்று நற்செயலும் செய்பவர். பேரீச்சைக்குச் சுவை மட்டும், மிருதுச்செடிக்கு மணம் மட்டும். ஆற்றலரிக்கு இரண்டும் இல்லை. நால்வரும் ஒன்றாக நின்று ஒருவர் குறையை ஒருவர் ஈடுசெய்ய வேண்டும் என்பதே அந்த உரையின் கருத்து.

மணிவாசகன்: ஒன்றாகவா? மற்ற மூன்றையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். உங்கள் உத்தமப் பழம் மட்டும் தனியாக இடக்கையில் அல்லவா இருக்கிறது!

பொன்னி: கட்டுவதில்லைதான். ஆனால் ஆட்டும்போது இரு கைகளையும் சேர்த்தே பிடிக்கிறார்கள். ஆற்றலரி கிடைக்காவிட்டால் எத்ரோக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கடமை நிறைவேறாது. இதை ஏன் மறைக்கிறீர்கள்?

ஏட்டுச்சுவடி: இருவரும் சட்டத்தை விட்டுவிட்டீர்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, தோலின் பெரும்பகுதியில் கொப்புளம் படர்ந்தால்தான் பழத்தைத் தள்ளுகிறது. சிறு பகுதியில் இருந்தால் செல்லும் என்கிறது. நுனியிலிருக்கும் ‘பிட்டாம்’ என்ற சிறு முனை உடைந்தால் ஆகாது. இயல்பிலேயே அது இல்லாமல் விளைந்த பழத்துக்குப் பிற்காலச் சட்டத்தில் தடையில்லை. ரோமருக்கு எதிரான போரின் நடுவிலேயே (கி.பி. 132–135) யூதக் கிளர்ச்சித் தலைவர் பர் கோக்பா, பேரீச்ச ஓலையும் எத்ரோக்கும் ஏற்றிவர இரண்டு கழுதைகளை அனுப்பிக் கடிதம் எழுதினார். யூதேயப் பாலைவனக் குகையில் அந்தக் கடிதம் கிடைத்தது.

பொன்னி: பாருங்கள், உயிர் போகும் நேரத்திலும் அந்தப் பழத்தை விடவில்லை!

மணிவாசகன்: விடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுதை முதுகில் குலுங்கி வந்த பழத்தில் எத்தனை புள்ளி என்று அந்தப் படையில் யார் எண்ணியிருப்பார்கள்?