அம்மாவுக்கு அடிக்கடி நிமோனியா, வைட்டமின் டி குறைவா? – புதுப்பிப்பு

அம்மாவுக்குத் திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி வந்து, கடைசியில் நிமோனியாவாகிப் படுக்க வைத்துவிட்டது, வைட்டமின் குறைபாடு காரணமாக இருக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வைட்டமின் டி, பி12 இரண்டோடு மூன்று மாத சர்க்கரையையும் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் உதவியது. தண்டையார்பேட்டையிலேயே ரத்தம் கொடுத்தோம். டி 9 நானோகிராம். 20க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள். பி12 சரியாக இருந்தது. எதிர்பாராதது சர்க்கரை: மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4, ரொம்ப அதிகம்!

டி குறைந்தால் எதிர்ப்பு சக்தி தளரும் என்பது உண்மைதான், ஆனால் குறைவாக இருப்பவர்களுக்குத் தொற்று அதிகம் என்பதும் மாத்திரை போட்டால் தொற்றே வராது என்பதும் ஒன்றல்ல, இங்கே முதலில் அடக்க வேண்டியது தொற்றுக்கு இடம் கொடுக்கிற சர்க்கரையை என்றார் டாக்டர். காசிமேட்டு மீன் தினமும் கொதிக்கிற வீட்டில் டி குறைபாடா என்று கேட்டேன், சிரித்தார். மீன் மட்டும் போதாதாம், வெயில் வேண்டும். எங்கள் சந்தில் உச்சி வெயில்கூட மொட்டைமாடியோடு நின்றுவிடும்.

60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று, 8 வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எண்ணெய், கொழுப்போடு போனால்தான் நன்றாக உடம்பில் சேரும். பக்கத்து வீட்டு அக்கா இதையே தினமும் போட்டுக்கொண்டிருந்தார், அது ஆபத்து, கால்சியம் ஏறி கிட்னியைப் பதம் பார்த்துவிடும். சர்க்கரைக்குத் தனி மாத்திரை. நிமோனியா தடுப்பூசி, ஃப்ளூ ஊசி ரெண்டும் போட்டாச்சு. அப்புறம் மழைக்காலம் வந்தது, சளியும் பிடித்தது, ஆனால் நெஞ்சில் இறங்கவில்லை. இதில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டி இப்போது 34.