ரேபிஸ் பற்றிய பள்ளிப் பாடம்: கல்வியியல் ஆய்வா, கால்நடை ஆய்வா, மருத்துவ ஆய்வா?

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்துக்கொண்டே, கல்வியியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் சுற்றியுள்ள ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்தும் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். இரண்டு இடங்களிலும் நாய் இல்லாத வாசல் அரிது. ஆனால் அந்த நாய் யாருடையது என்று கேட்டால் பல வேளைகளில் தெளிவான விடை கிடைப்பதில்லை. பிள்ளையை நாய் கடித்துவிட்டால் காயத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிவிட்டு, இரண்டொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடும் பெற்றோரை இன்றும் காண்கிறேன். குட்டி நாய் கடித்தால் ஒன்றும் ஆகாது என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி உறுதியாகச் சொன்னபோது, இதையே ஆய்வுப் பொருளாக எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் பற்றி ஒரு பாடத்தொகுதியை உருவாக்கி 6, 7, 8ஆம் வகுப்புகளில் கற்பித்தால், அது பிள்ளையின் அறிவை மட்டும் மாற்றுமா, அல்லது கடிபட்ட நாளில் அந்த வீட்டில் நடப்பதையும் மாற்றுமா என்பதே நான் அறிய விரும்புவது. இதைச் சொன்னதும் என் நெறியாளர், இது கல்வியியல் தலைப்பே அல்ல, சமூக மருத்துவத் துறைக்குப் போங்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவர், கடிபட்டோர் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டினால்தான் ஏற்பேன் என்கிறார். கால்நடை மருத்துவர் ஒருவரோ, நாய்க்கு ஊசி போடாமல் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார்.

பாடத்தின் பலனைக் காட்ட எந்த அளவையை முதன்மையாக வைக்க வேண்டும், யார் யாரிடம் அனுமதி பெற வேண்டும், எத்தனை பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்பதைத் துறை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சமூக மருத்துவம், உதகை:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எடுத்திருப்பது மிகத் தேவையான பொருள்; தயவுசெய்து அதைக் கைவிட்டுவிடாதீர்கள். ரேபிஸ் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாத காரியம்; கடித்த உடனே சரியானதைச் செய்தாலோ நோய் வராமல் தடுத்துவிடலாம். அந்த உடனடிக் காரியங்கள் எல்லாம் வீட்டில் இருப்பவர்களின் கையில் இருப்பதால், கற்பித்தலுக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது.

அளவையைப் பொறுத்தவரை, கடிபட்டோர் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டுங்கள் என்ற அறிவுரையை நீங்கள் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தின் நாய்க்கடிப் பதிவேட்டில் இருப்பது கடிபட்டவர்களின் கணக்கு அல்ல, கடிபட்டு நம்மிடம் வந்தவர்களின் கணக்கு. உங்கள் பாடம் பலன் தந்தால், இதுவரை மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர்கள் ஊசிக்கு வரத் தொடங்குவார்கள். அதனால் முதல் ஆண்டில் பதிவேட்டின் எண் கூடவே வாய்ப்பு அதிகம். அந்த உயர்வைத் தோல்வி என்று படித்துவிடக் கூடாது. இறப்பு எண்ணிக்கையையும் அளவையாக வைக்க முடியாது. ஒரு மாவட்டத்துக்குள், ஓர் ஆய்வு நடக்கும் காலத்துக்குள், ஒப்பிட்டுப் பேசத்தக்க அளவில் அது அமையாது.

இவற்றுக்குப் பதிலாக மூன்று செயல்களைப் பாருங்கள். முதலாவது, நிலையத்துக்கு வருமுன் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவினார்களா என்பது. இந்த வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருப்பதால் சோப்பு அதைச் சிதைத்துவிடுகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அதைச் செய்வதில்லை, காயத்தைப் புண்ணாக்கிவிடுகின்றன. இந்தக் காரணத்தையே நீங்கள் எட்டாம் வகுப்பில் ஒரு சோதனையாக நடத்திக் காட்டலாம். இரண்டாவது, கடித்த 24 மணி நேரத்துக்குள் வந்தார்களா என்பது. மூன்றாவது, எல்லாத் தவணைகளையும் முடித்தார்களா என்பது. நம் அரசு நிலையங்களில் தோலுக்குள் போடப்படும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி உண்டு. காயம் ஆறிவிட்டது, கூலி வேலையை ஏன் விட வேண்டும் என்று குடும்பங்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் கடைசித் தவணையைத்தான். அந்த 28ஆம் நாளைத் தாய்க்கு நினைவூட்டும் பிள்ளை உங்கள் பாடத்தால் உருவாகிறதா என்பது, எந்த மதிப்பெண் தாளும் சொல்லாத விடை.

அனுமதி பற்றி: உங்கள் ஆய்வு உடல்நலத்தைத் தொடுவதால், பதிவு பெற்ற ஒரு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்கள் கல்வியியல் நிறுவனத்தில் அப்படியொரு குழு இல்லையென்றால், ஒரு மருத்துவக் கல்லூரி ஆசிரியரை இணை நெறியாளராகச் சேர்த்துக்கொண்டு அந்தக் கல்லூரியின் குழு வழியாகச் செல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு மட்டும் போதாது. 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளையிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளையிடம் எழுத்திலும் ஒப்புதல் பெற வேண்டும். பள்ளிகளுக்குள் நுழைய முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி தனி. பழங்குடிக் குடியிருப்புகளுக்குள் செல்வதாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் போன்ற உரிய அதிகாரியின் ஒப்புதலும், அந்த ஊர்ப் பெரியவர்களின் சம்மதமும் முன்கூட்டியே வேண்டும்.

கால்நடை மருத்துவர், பணி நிறைவு:

அம்மா, இது கல்வியியல் தலைப்பு அல்ல என்று உங்களிடம் சொன்னவருக்குக் குன்னூரின் கதையைச் சொல்லுங்கள். 1907இல் அங்கே பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத்தான். அதே வளாகத்தில் 1918இல் ஒற்றை அறையில் இராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய, பெரிபெரி என்னும் ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய் பற்றிய ஆய்வு, பின்னால் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அந்த மனிதர் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். அதிலிருந்து மனிதரின் நோய்களைப் பற்றிய முடிவுகளுக்கு வந்தார். அத்தோடு நிற்காமல் பள்ளிகளும் பயன்படுத்தும்படி உணவு பற்றிய ஒரு பாடநூலையும் எழுதினார். விலங்கு, மருத்துவம், பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே ஆய்வாளரின் கையில் இதே மலையில் சேர்ந்திருந்தன. நீங்கள் புதிதாக எதையும் கலக்கவில்லை.

என் துறை நண்பர் கேட்ட கேள்விக்கும் விடை உண்டு. கோவாவில் ஆண்டுக்கு 95,000 நாய்களுக்கு மேல் தடுப்பூசி போட்டு 70 விழுக்காட்டு நாய்களை எட்டினார்கள். அதே திட்டத்தில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தினார்கள். நோய்க் கண்காணிப்பையும் கூடவே கட்டமைத்தார்கள். நாய்களிடம் மாதந்தோறும் காணப்பட்ட ரேபிஸ் 92 விழுக்காடு குறைந்தது, மனித இறப்பும் நின்றது. ஊசியா பாடமா என்று அங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனாலும் அவர் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை உங்கள் ஆய்வுக்குள் கொண்டுவாருங்கள். நாய்களில் எத்தனைக்கு ஊசி போடப்பட்டிருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஹட்டியில் முகாம் நடந்து, பக்கத்துத் தோட்டத்தில் நடக்காமல் இருந்தால், பின்னர் நீங்கள் காணும் வேறுபாடு பாடத்தால் வந்ததா முகாமால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இதை அளக்க இரத்தப் பரிசோதனை தேவையில்லை. இரத்தம் எடுப்பதாக இருந்தால் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டியிருக்கும். முகாமில் ஊசி போட்ட நாய்க்கெல்லாம் சாயப் புள்ளி வைப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் குறித்த பாதைகளில் நடந்து, புள்ளியுள்ள நாய்கள் எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணினால் விழுக்காடு கிடைத்துவிடும். தோட்டங்களில் இதைக் கொழுந்து பறிக்கப் புறப்படும் நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் ஆட்களோடு நாய்களும் மேலே போய்விடும். இங்கே நாய்களைச் சிறுத்தை அடிப்பதும் உண்டு, அந்த இடத்துக்குப் புதுக் குட்டிகள் வருவதும் உண்டு. ஆகவே போன ஆண்டுக் கணக்கு இந்த ஆண்டுக்கு உதவாது.

அந்த மாணவி சொன்னதைப் பற்றி ஒரு சொல். மூன்று மாதம் ஆகாத குட்டிக்கு ஊசி போடாமல் விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. முகாம்களில் எல்லா வயதுக் குட்டிகளுக்கும் போட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாதுகாப்பு மிகக் குறைவாக உள்ள குட்டியைத்தான் பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். உங்கள் பாடத்தொகுதியின் முதல் பாடம் குட்டி நாயைப் பற்றியதாக இருக்கட்டும்.

இன்னொன்று, வீட்டுப் பெரியவர்களின் அச்சம். தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்ற பேச்சு இன்னும் நடமாடுகிறது. அது டேவிட் செம்பிள் கசௌலியில் 1911இல் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்ட பழைய மருந்து. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில் போடும் சிறு ஊசிதான் என்பதைப் பிள்ளை வீட்டில் போய்ப் பாட்டியிடம் சொன்னாலே பலர் வருவார்கள்.

கல்வி ஆய்வு, கூடலூர்:

மேலே இருவரும் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன், ஏனெனில் கல்வியியல் ஆய்வேடுகள் பலவும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒரே ஆசிரியரிடம், ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் விடைகள் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே 600 பிள்ளைகளைச் சேர்த்தால் 600 தனித்தனிச் சான்றுகள் கிடைத்துவிட்டன என்று எண்ணக் கூடாது. வகுப்புக்குள் உள்ள இந்த ஒற்றுமையின் அளவு, ஒன்று என்றால் முழு ஒற்றுமை என்ற கணக்கில், 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு 30 பேராக 20 பள்ளிகளை எடுத்தால், 30இல் ஒன்றைக் கழித்து வரும் 29ஐ 0.1ஆல் பெருக்கி 1ஐக் கூட்ட வரும் 3.9ஆல் 600ஐ வகுக்க வேண்டும். மிஞ்சுவது சுமார் 154 பேருக்குச் சமமான தகவல்தான். அதே 600 பேரைப் பள்ளிக்கு 15 பேராக 40 பள்ளிகளில் எடுத்தால், வகுக்கும் எண் 2.4 ஆகிவிடுவதால் 250 பேருக்குச் சமமான தகவல் கிடைக்கும். நம் மலைப் பள்ளிகளில் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவு என்பது உங்களுக்கு இந்த வகையில் நன்மையே. பிள்ளைகளைக் கூட்டாதீர்கள், பள்ளிகளைக் கூட்டுங்கள்; எந்தப் பள்ளிக்குப் பாடம் என்பதையும் பள்ளி பள்ளியாகவே குலுக்கல் முறையில் தீர்மானியுங்கள்.

ஒப்பீட்டுக்காக வைக்கும் பள்ளிகளுக்குக் காயத்தைக் கழுவும் முறையைக்கூடச் சொல்லாமல் இருப்பது அறமாகாது. அங்கே துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு, முழுப் பாடத்தொகுதியை அடுத்த கல்வியாண்டில் நடத்துவதாக எழுத்தில் உறுதி கொடுங்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வருவதாக இருந்தால், எழுத்துத் தேர்வை நம்பாதீர்கள். வீட்டில் பணியர் என்ற பழங்குடியினரின் மொழியோ மலையாளமோ பேசும் பிள்ளையிடம் தமிழ் வினாத்தாளைக் கொடுத்தால், அதன் வாசிப்புத் திறனைத்தான் அளப்பீர்கள். ஒரு பொம்மையின் காலில் காயம் வரைந்து, இப்போது என்ன செய்வாய், செய்து காட்டு என்று கேளுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அறிவுத் தேர்வை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, கழுவுதல், 24 மணி நேர வருகை, நான்கு தவணை ஆகியவற்றை முதன்மை அளவைகளாக வைத்து முன்வரைவைத் திருத்துகிறேன். நாய்களின் தடுப்பூசி விழுக்காட்டையும் ஊர்வாரியாகச் சேர்க்கிறேன். என் வகுப்பறையில் நடப்பது வீட்டு வாசல் வரை போகிறதா என்பதைக் கேட்பது கல்வியியலின் கேள்வியே என்று நெறியாளரிடம் அமைதியாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் எடுத்துச் சொல்வேன்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. பதிவேட்டில் உள்ளவர் எந்தப் பள்ளிப் பிள்ளையின் வீட்டைச் சேர்ந்தவர் என்பதை, பெயரைப் பார்க்காமல் எப்படி இணைப்பது?

சமூக மருத்துவம், உதகை:

பெயரை நீங்கள் பார்க்கவே வேண்டாம், பார்க்கவும் கூடாது. மாவட்டச் சுகாதார அலுவலரின் அனுமதியோடு, ஊசி போட வரும் ஒவ்வொருவரிடமும் வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை உண்டா, எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, காயத்தைக் கழுவினீர்களா என்று நிலையத்துச் செவிலியர் கேட்டு ஒரு தனித்தாளில் குறிக்கட்டும். அந்தத் தாளில் பெயருக்குப் பதிலாக ஒரு வரிசை எண் மட்டும் இருக்கட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஏடு நிலையத்திலேயே பூட்டியிருக்கட்டும். தவணைகள் முடிந்தனவா என்பதையும் அவர்களே அந்த எண்ணுக்கு எதிரே குறித்துத் தருவார்கள். பள்ளிகளின் குலுக்கல் முடிவு செவிலியருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. இவை அனைத்தையும் நெறிமுறைக் குழுவுக்கு அளிக்கும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.