வில்ம்ஸ் கட்டி: துளை போட்டு எடுக்கலாமா, வயிற்றைத் திறந்தே ஆகணுமா?

கேள்வி (முதுகலை மாணவர்):
3 வயசுக் குழந்தை, இடது சிறுநீரகத்தில் வில்ம்ஸ் (குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்). வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் கீமோ மருந்துகள் 4 வாரம் போனபிறகு 11 செ.மீ. கட்டி 6 ஆகச் சுருங்கிவிட்டது. லேப்ராஸ்கோபி (துளைவழி அறுவை) போதாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1:
அளவை மட்டும் பார்த்து இறங்காதீர்கள், இருக்கும் இடம்தான் முக்கியம். கட்டி நடுவில் இருந்து, சுற்றிலும் நல்ல சிறுநீரகத் திசு மிச்சமிருந்தால் துளைவழியை யோசிக்கலாம். கட்டி இருக்கும் பக்கத்து முதுகெலும்பு ஓரத்தைத் தாண்டியிருந்தாலோ, சிறுநீரகச் சிரையிலோ பெருஞ்சிரையிலோ த்ராம்பஸ் (இரத்தக்குழாய்க்குள் நீண்ட கட்டி) இருந்தாலோ, பக்கத்து உறுப்பைப் பிடித்திருந்தாலோ வேண்டாம். கீமோவுக்கு அசையாத கட்டியும் அப்படித்தான், உடையும். சியோப் (சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவச் சங்கம்) குழுவின் அம்ப்ரெல்லா சிகிச்சை நெறிமுறையும் இதையே சொல்கிறது.

பதில் 2:
உடைந்தால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வில்ம்ஸின் உறை மெல்லிசு. கிராஸ்பரால் (பிடிக்கும் கருவி) கட்டியையே பிடித்துத் தூக்கினால் கிழியும். கசிந்தால் நேரே 3ஆம் நிலை. விலாப்பக்கக் கதிர்வீச்சு வரும்: அமெரிக்க நெறிமுறையில் 10.8 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), சியோப்பில் வழக்கமாக 14.4. வயிற்றுக்குள் பரவலாகச் சிந்தினால் முழு வயிற்றுக்கும். தழும்பு சின்னதாச்சு என்ற சந்தோஷம் அதோடு போச்சு.

இன்னொன்று: வெளியே எடுக்கும்போது பைக்குள் போட்டு, அடிவயிற்றில் குறுக்கே வெட்டி, முழுசாக எடுக்கணும். துண்டாக்கினால் உறையும் சிறுநீரக சைனஸும் (சிறுநீரகத்தின் நடுக்குழி) தாண்டியதா இல்லையா என்று பேத்தாலஜியில் சொல்ல முடியாது, நிலையே குறிக்க முடியாது. ஆக, எப்படியும் ஒரு வெட்டு உண்டு.

பதில் 3:
நிணநீர் முடிச்சை மறக்காதீர்கள். குறைந்தது 7 எடுக்கச் சொல்கிறார்கள். துளைவழியில் இது அடிக்கடி குறைந்துபோகிறது. (திறந்து செய்பவர்களும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், அது வேறு கதை.) எடுக்காவிட்டால் 3ஆம் நிலையை 1 என்று எழுதி, குறைந்த கீமோவோடு அனுப்பிவிடுவோம். சிறுநீர்க்குழாயை முடிந்தவரை சிறுநீர்ப்பை அருகில் வெட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கட்டி மேல்முனையில் ஓரமாக இருக்கிறது, உறையைத் தொடுகிறது. சிரை சுத்தம்.

பதில் 1:
அப்படியானால் திறந்துதான். அதற்கு முன் பாதி சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். கன அளவு 300 மி.லி.க்குள்தானே. துளைவழியில் முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பதைவிட, திறந்து பாதியைக் காப்பாற்றுவது மேல்.