நிக்கோடெமஸ் தேய்ந்தது ரயிலாலா, தொடக்கத்திலேயே நடந்த தவறாலா?

மண்வெட்டி:
அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 1877இல் கறுப்பினத்தவர் குடியேறிய ஊர் நிக்கோடெமஸ். ரயில் வராததால் அது தேய்ந்தது என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, தொடக்கமே கோணல். கென்டக்கி மாநிலத்தில் பரப்பிய துண்டறிக்கை, செப்டம்பர் 5 அன்று 5 டாலருக்குக் கான்சாஸ் போகலாம் என்றது. செப்டம்பரில் போய் எதை விதைப்பது? புல்வெளியை மே, ஜூனில் 2, 3 அங்குலம் உரித்துப் புரட்டினால்தான் வேர் மக்கும். அதற்குத் தனிக் கலப்பையும் பல ஜோடி மாடுகளும் வேண்டும். பெரும்பாலோரிடம் இரண்டுமே இல்லை. எல்லிஸ் ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 35 மைல் நடந்துவந்து, இடத்தைப் பார்த்ததும் சுமார் 60 குடும்பங்கள் திரும்பிவிட்டன.

சாலமன்கரை:
நீங்கள் சொல்வது முதல் குளிர்காலம். அதன் கொடுமையை நானும் மறுக்கவில்லை. மரம் கிடைக்காத ஊர். மேட்டுச் சரிவைக் குடைந்து, மேலே கிளையும் புல்லும் மண்ணும் பரப்பிக் குடியிருந்தார்கள். மழை விட்ட பிறகும் கூரை சேறாகச் சொட்டும். அடுப்புக்குக் காட்டெருமை வறட்டி. வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தந்த உணவு அந்தக் குளிரைத் தாண்ட உதவியது. ஆனால் தாண்டிவிட்டார்களே! 1887க்குள் வங்கி, விடுதி, 2 செய்தித்தாள் எல்லாம் வந்துவிட்டன. அடித்தளம் கோணலான ஊரில் இவை எப்படி முளைக்கும்?

மண்வெட்டி:
கட்டடங்கள் முளைத்தன, சரி. மழை பொய்த்தால் அந்த மேட்டு நிலத்தில் குடியேறியவருக்குக் கிடைத்த 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது. அதையும் கணக்கில் எடுங்கள்.

சாலமன்கரை:
அந்த வறட்சி அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் பொதுதானே? ரயிலுக்காக 1887இல் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஊரே வாக்களித்தது. மிசௌரி பசிபிக் ரயில் நிறுவனம் வரவில்லை. மறுவருடம் யூனியன் பசிபிக் என்ற இன்னொரு நிறுவனம் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே பாதை போட்டது; அங்கே போக் என்ற ஊர் எழுந்தது, வணிகர்கள் அங்கே மாறிப்போனார்கள்.

ஏர்க்கால்:
இருவரும் ஊரையும் வயலையும் ஒன்றாகப் பார்க்கிறீர்கள். சில மைல் தூரம் உழவரை விரட்டாது, கோதுமையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விடுவார். ஆனால் இறக்கிய இடத்திலேயே உப்பும் ஆணியும் வாங்கித் திரும்புவார். அதனால்தான் கடைகள் போயின, பண்ணைகள் நிலைத்தன. மண்வெட்டி சொல்லும் தொடக்கத் தவறு பெரியதென்றால், முதலில் காலியாகியிருக்க வேண்டியவை அந்தப் பண்ணைகள்தான்.